கணக்கு எழுதப் போனவனைக் குடோனில் நிறுத்தினால்: வெளிநாட்டில் வேலை மாறிப்போனவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

துபாயில் இறங்கிய மூன்றாம் நாள் காலை என் கையில் ஒரு பார்கோடு ஸ்கேனரையும் ஒரு ஜோடி சேஃப்டி ஷூவையும் கொடுத்தார்கள். ஷூ ஒரு சைஸ் பெரியது. “அக்கவுண்ட்ஸ்ல இப்ப ஆள் இருக்கு, நீ குடோனைப் பாரு” என்றார் மேனேஜர், போனில் வேறு யாரிடமோ பேசிக்கொண்டே. நான் பி.காம் முடித்துவிட்டு, சேலத்தில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் ஐந்து வருடம் டேலி முன்னால் உட்கார்ந்திருந்தவன். அது 2022 ஜூன். குடோனின் ஷட்டரைத் தூக்கியதும் அடித்த அனலில் கண்ணாடி மங்கிப்போனது.

இப்போது அம்மாபேட்டைக்கே திரும்பிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தட்டுவடை செட் கடையில் நின்றால் யாராவது ஒரு தம்பி போனை நீட்டுவான். அந்தப் பக்கம் சார்ஜாவிலோ ரியாத்திலோ ஒருத்தன் இருப்பான். “அண்ணா, எலக்ட்ரீஷியன்னு சொல்லிக் கூட்டிட்டு வந்து ஹெல்பரா போட்டுட்டாங்க. திரும்பி வந்துடட்டுங்களா?” தட்டுவடை நமுத்துப்போகும் வரை பேசிக்கொண்டிருப்பேன். ஒவ்வொருவரிடமும் சொன்னதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். புது வேலை கௌரவமானதா, ஊரில் என்ன சொல்வார்கள் என்றுதான் நம் ஆட்கள் முதலில் யோசிக்கிறார்கள். நானும் அதைத்தான் செய்தேன், இரண்டு வாரம் வீணாகப் போனது. முதலில் எடுத்துப் பார்க்க வேண்டியது காகிதங்களை. வேலை பிடிக்கிறதா என்பதெல்லாம் அதற்கு அப்புறம். கீழே உள்ள சட்ட விவரங்கள் பெரும்பாலும் ஐக்கிய அரபு அமீரகத்துக்கானவை. சவுதிக்கும் சிங்கப்பூருக்கும் தனியாகச் சொல்கிறேன்.

படி 1: மூன்று நாள் வாயையும் பேனாவையும் மூடி வையுங்கள்

சொன்ன வேலையை மறுக்கவும் வேண்டாம், புதுக் காகிதம் எதிலும் கையெழுத்துப் போடவும் வேண்டாம். மறுத்தால் “வேலைக்கு வரவில்லை” என்று எழுதுவார்கள். கையெழுத்துப் போட்டால் “அவரே ஒத்துக்கொண்டார்” என்று எழுதுவார்கள். “சரிங்க சார், இன்னைக்குப் பார்க்கிறேன். ஆர்டரை எழுத்துல கொடுத்துடுங்க” என்று மட்டும் சொல்லுங்கள். கையெழுத்துக் கேட்டால், “படிச்சுப் பார்த்துட்டு நாளைக்குத் தர்றேன்” என்று காகிதத்தைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

கோபத்தில் ரூமிலேயே படுத்துக்கொள்ளவே கூடாது. சொல்லாமல் தொடர்ந்து ஏழு நாளுக்கு மேல் வராவிட்டால், ஆள் வேலையைக் கைவிட்டுவிட்டார் என்று கம்பெனி புகார் கொடுக்கலாம். நம் ஆட்கள் ‘அப்ஸ்காண்டிங்’ என்று சொல்வது இதைத்தான். நியாயம் முழுக்க உங்கள் பக்கம் இருந்தாலும், அந்தப் புகார் விழுந்துவிட்டால் அதற்கப்புறம் பதில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியது நீங்கள்தான்.

பாஸ்போர்ட்டை “பத்திரமா வெச்சுக்கிறோம்” என்று கேட்டால் கொடுக்காதீர்கள். தொழிலாளியின் அடையாளக் காகிதங்களை முதலாளி பிடித்து வைப்பதற்கு அங்கே சட்டத்தில் தடை இருக்கிறது.

படி 2: மூன்று காகிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்

ஊரில் கையெழுத்துப் போட்ட ஆஃபர் லெட்டர், அங்கே தொழிலாளர் அமைச்சகத்தில் பதிவான ஒப்பந்தம், விசாவும் வேலை அனுமதியும். இந்த மூன்றிலும் நான்கே விஷயங்களைத் தேடுங்கள்: பதவியின் பெயர், அடிப்படைச் சம்பளம், மொத்தச் சம்பளம், ஒப்பந்தக் காலம்.

அமைச்சகத்தை அங்கே எல்லோரும் ‘மோஹ்ரே’ என்பார்கள். அதன் செயலியில் உங்கள் ஒப்பந்தத்தை நீங்களே பார்க்கலாம், கம்பெனி எச்.ஆர். தயவு வேண்டியதில்லை. இன்னொரு விஷயம் நிறைய பேருக்குத் தெரியாது. 2016 ஜனவரி முதல், அங்கே தரப்படும் ஆஃபர் லெட்டர் அரபி, ஆங்கிலத்தோடு தொழிலாளிக்குப் புரியும் இன்னொரு மொழியிலும் இருக்கலாம், அந்த மொழிகளில் தமிழும் ஒன்று. “இங்கிலீஷ் புரியல, கையெழுத்துப் போட்டுட்டேன்” என்று சொல்லும் தம்பிகளிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, “தமிழ்ல கேட்டியா?” என்பதுதான். இதுவரை ஒருத்தன்கூடக் கேட்டதில்லை.

மூன்றையும் வைத்துப் பார்த்தால் உங்கள் கதை எந்த வகை என்று தெரிந்துவிடும்.

காகிதத்தில் பதவியும் சம்பளமும் அப்படியே இருந்து, வேலை மட்டும் மாறியிருந்தால் அது பேசித் தீர்க்கக்கூடிய வகை. என்னுடையது இதுதான். அமீரகத்தின் 2021ஆம் ஆண்டு தொழிலாளர் சட்டம் (அமலுக்கு வந்தது 2022 பிப்ரவரி 2) இதைப் பற்றித் தெளிவாகச் சொல்கிறது. ஒப்பந்தத்தில் உள்ளதற்கு அடிப்படையிலேயே வேறான வேலையைத் தர வேண்டுமானால் உங்கள் எழுத்துப்பூர்வச் சம்மதம் வேண்டும். அவசரத் தேவை, விபத்தைத் தடுப்பது போன்ற காரணங்களுக்குத் தற்காலிகமாகத் தரலாம், அதுவும் வருடத்துக்கு 90 நாளுக்கு மேல் போகக் கூடாது.

காகிதத்திலேயே பதவி குறைந்து, சம்பளமும் குறைந்திருந்தால் அது வேறு கதை. அதைச் சமாளித்துப் பழகுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன், நேராகப் புகாருக்குப் போங்கள்.

மூன்றாவது, விசிட் விசாவில் கூட்டிப்போய் வேலையில் நிறுத்துவது. அங்கே ஒப்பந்தமே இல்லை, பழகிக்கொள்வதற்கு வேலையும் இல்லை. இந்திய அரசு துபாயில் நடத்தும் பிரவாசி பாரதிய சஹாயதா கேந்திராவுக்கு 800 46342 என்ற இலவச எண்ணில் கூப்பிடுங்கள். இதற்கு மேல் இந்தக் கட்டுரை உங்களுக்கு உதவாது.

படி 3: நாலு வரி மெயில்

முதல் வாரத்துக்குள் அனுப்புங்கள். வாட்ஸாப்பில் போட்டாலும் அதையே மெயிலிலும் போடுங்கள். என்ன ஒப்பந்தப்படி வந்தேன், எந்தத் தேதியிலிருந்து எந்த வேலையில் நிறுத்தினீர்கள், இது எத்தனை நாளுக்கு, சம்பளமும் பதவிப் பெயரும் அப்படியே இருக்கும்தானே. அவ்வளவுதான். குறை சொல்லும் தொனி வேண்டாம், கெஞ்சலும் வேண்டாம்.

என் மேனேஜர் அந்த மெயிலுக்குப் பதில் போடவே இல்லை. மறுநாள் குடோனுக்கு வந்து, “இதெல்லாம் எதுக்குப்பா எழுதுறே, நேர்ல கேட்டா சொல்ல மாட்டேனா?” என்றார். “மறந்துடக் கூடாதுன்னுதான் சார்” என்றேன். பதில் வராவிட்டாலும் பரவாயில்லை, வேலை மாறிய தேதி மெயிலில் நிற்கிறது. 90 நாள் கணக்கு அந்தத் தேதியில்தான் தொடங்குகிறது.

படி 4: அடிப்படைச் சம்பளத்தில் கண் வையுங்கள்

கொஞ்ச நாள் கழித்துக் கம்பெனி ஒரு சமாதானம் பேசும்: “குடோன் வேலைக்கு அலவன்ஸ் போட்டுத் தர்றோம்.” கேட்க நன்றாக இருக்கும். ஆனால் ஓவர்டைம், கிராஜுவிட்டி (வேலையை விட்டுப் போகும்போது தரும் பணிக்கொடை) இரண்டையும் அடிப்படைச் சம்பளத்தை வைத்துத்தான் போடுவார்கள், அலவன்ஸ் அதில் சேராது.

என் கணக்கையே சொல்கிறேன். மொத்தம் 2,200 திர்ஹாம், அதில் அடிப்படை 1,000. முதல் ஐந்து வருடத்துக்கு, வருடத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம் கிராஜுவிட்டி. மூன்று வருடம் என்றால் 63 நாள், 2,100 திர்ஹாம். அலவன்ஸுக்குப் பதில் அடிப்படையை 1,500 ஆக்கியிருந்தால் 3,150. ஓவர்டைமுக்கும் இதே கதை. மணிக்கணக்கை அடிப்படையில் போட்டு அதற்கு மேல் 25 சதவீதம் சேர்ப்பார்கள். 500 திர்ஹாமை அலவன்ஸாகக் கொடுக்கிற கம்பெனி அடிப்படையில் ஏற்றத் தயங்குவது இதனால்தான். நான் கேட்டேன், பாதி கிடைத்தது. அடிப்படை 1,250 ஆனது. கேட்காமலிருந்தால் அதுவும் வந்திருக்காது.

ஆபீஸிலிருந்து வெளி வேலைக்கு மாறியவர்கள் நேரத்தையும் பாருங்கள். நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 என்பதுதான் பொதுக் கணக்கு.

படி 5: புது வேலையைப் பழைய தொழிலின் கண்ணால் படியுங்கள்

காகித வேலை முடிந்ததும் உண்மையான வேலை இங்கேதான் தொடங்குகிறது.

முதல் வாரம் நான் குடோனை ஒரு தண்டனையாகப் பார்த்தேன். உயரமான ரேக்குகள், பிளாஸ்டிக் சுற்றிய பேலட்டுகள், இந்தியில் கத்தும் லோடர்கள். எட்டாவது நாளோ ஒன்பதாவது நாளோ, இருப்புக்கும் கம்ப்யூட்டருக்கும் பால் பவுடரில் ஆறு பெட்டி இடித்தது. எங்கே போனது என்று தேடிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு எங்கள் அம்மாவின் நோட்டு ஞாபகம் வந்தது.

எங்கள் வீட்டில் கொலுசு வேலை. செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையிலிருந்து வெள்ளியை எடை போட்டு வாங்கி வருவார்கள், வேலை முடித்துத் திரும்ப எடை போட்டுக் கொடுப்பார்கள். இடையில் சேதாரம். வாங்கிய எடை, கொடுத்த எடை, சேதாரம் என்று மூன்று பத்தி போட்ட நோட்டு ஒன்று அடுப்படி மாடத்தில் இருக்கும். அரை கிராம் இடித்தாலும் அம்மா அன்று ராத்திரி தூங்க மாட்டார்கள். குடோனில் நான் பார்க்க வேண்டிய வேலையும் அதேதான், வெள்ளிக்குப் பதில் பால் பவுடர். நான் ஒரு நோட்டு வாங்கி மூன்று பத்தி போட்டேன்: வந்தது, போனது, உடைந்தது. நாலாவது நாள் அந்த ஆறு பெட்டி அகப்பட்டது. இறக்கும்போது உடைந்ததை யாரோ ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டு எழுத மறந்திருந்தார்கள்.

உங்களுக்கும் அப்படி ஒரு நூல் இருக்கும், அதைத் தேடிப் பிடியுங்கள். எலக்ட்ரீஷியனாகப் போய் ஹெல்பரானவனுக்குச் சைட் டிராயிங் படிக்கத் தெரிந்திருக்கும். சமையல்காரராகப் போய் கேட்டரிங் வண்டியில் ஏற்றப்பட்டவருக்கு எத்தனை தலைக்கு எத்தனை படி என்று தெரியும். அந்த ஒன்றை மேலே இருப்பவர் கண்ணில் படும்படி செய்தால், மூன்றாவது மாதம் உங்களைப் பற்றிய பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

அப்புறம் ஒரு குருவைப் பிடியுங்கள். பெரும்பாலும் அவர் மேனேஜராக இருக்க மாட்டார். எனக்குக் கிடைத்தவர் பெஷாவர் பக்கத்து வயதான லோடர், எல்லோரும் ‘சாச்சா’ என்றுதான் கூப்பிடுவார்கள். எந்தச் சரக்கு எந்த ரேக்கில் என்று ஸ்கேனர் இல்லாமலே சொல்வார். முதலில் வந்த சரக்கு முதலில் போக வேண்டும் என்று நான் கணக்குப் பாடத்தில் படித்திருந்தேன். உணவுப் பொருளில் அது போதாது, முதலில் காலாவதி ஆவதுதான் முதலில் போக வேண்டும் என்று அவர் பெட்டியைத் திருப்பித் தேதியைக் காட்டித்தான் எனக்குப் புரிந்தது. பிற்பாடு வந்த பெட்டியில் தேதி முன்னால் இருந்தது.

மொழியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. வளைகுடாக் குடோன்களில் அரபியைவிட இந்திதான் அதிகம் ஓடும். இலக்கணம் வேண்டாம், எண்களைக் கற்றுக்கொள்ளுங்கள். நான் கற்றுக்கொள்ளாமல் பட்டேன். ‘பச்சீஸ்’ என்றால் 25, ‘பச்சாஸ்’ என்றால் 50. சாச்சா பச்சீஸ் என்று சொல்ல, நான் 50 பெட்டி கொண்டைக்கடலையை அபுதாபி வண்டியில் ஏற்றிவிட்டேன். வண்டி பாதி வழியில் திரும்பி வந்தது. அன்றிலிருந்து எண்ணை வாயால் சொன்னாலும் விரலாலும் காட்டச் சொல்லிவிட்டேன். இப்போதும் அங்கே அந்தப் பழக்கம் இருக்கிறதாம்.

ஒன்றே ஒன்றுக்கு மட்டும் கண்டிப்பாக முடியாது என்று சொல்லுங்கள்: லைசென்ஸ் கேட்கும் மெஷின். “ஆள் இல்ல, கொஞ்சம் போர்க்லிப்ட்டை நகர்த்திடு” என்பார்கள். அதற்குத் தனி லைசென்ஸ் உண்டு. இல்லாமல் ஓட்டி யாராவது அடிபட்டால், நகர்த்தச் சொன்னவர் அன்றைக்கு அந்தப் பக்கமே வந்திருக்க மாட்டார்.

படி 6: உடம்பு

ஏற்காட்டு மார்கழிக் குளிருக்கே மங்கி குல்லா தேடியவன் நான். குளிர் அறையில் மைனஸ் 18 டிகிரி, வெளியே லோடிங் பகுதியில் 43. ஒரு நாளைக்குப் பத்து முறை இரண்டுக்கும் நடுவே போய் வர வேண்டும். ஜாக்கெட்டை உள்ளே போகும் முன் போடுங்கள், வெளியே வந்ததும் கழற்றுங்கள். சோம்பேறித்தனத்தில் ஜாக்கெட்டோடு வெயிலில் நின்றால் வேர்வையோடு திரும்ப உள்ளே போவீர்கள், அடுத்த நாள் காய்ச்சல்தான். ஷூ சைஸை முதல் நாளே மாற்றி வாங்குங்கள். நான் கூச்சப்பட்டு ஒரு மாதம் இரண்டு சாக்ஸ் போட்டு ஓட்டினேன், இடது கால் பெருவிரல் நகம் போனது.

ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, மதியம் 12.30 முதல் 3 மணி வரை திறந்த வெளியில் நேரடி வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்பது அமீரக விதி. ஆபீஸிலிருந்து யார்டுக்கு மாறியவர்களுக்கு இது தெரிந்திருக்காது.

படி 7: வீட்டுக்கு என்ன சொல்வது

இது சட்டத்தைவிடக் கஷ்டம். தெருவுக்கே “பையன் துபாய்ல கணக்கு ஆபீஸ்ல இருக்கான்” என்று அம்மா சொல்லி வைத்திருப்பார்கள். எதிர்வீட்டுச் சித்தி வீடியோ காலில் எட்டிப் பார்த்து, “என்னடா சாமி, பின்னால மூட்டையா இருக்கு?” என்று கேட்பார்கள். நான் இரண்டு மாதம் ரூமுக்கு வந்து சட்டை மாற்றிவிட்டுத்தான் கால் பண்ணினேன். துபாயில் எட்டு மணி என்றால் சேலத்தில் ஒன்பதரை, அம்மா மாத்திரை போட்டுத் தூங்கும் நேரம். பொய் சொல்லும் களைப்பு மூட்டை தூக்கும் களைப்பைவிட அதிகமாக இருந்தது.

வீட்டில் ஒருவருக்கு மட்டும் முழு உண்மையையும் சொல்லுங்கள். அவர் பயப்படாதவராகவும் கடன் கணக்குத் தெரிந்தவராகவும் இருக்க வேண்டும். எனக்கு அக்கா. வேலை மாறியதையும் சம்பளம் மாறாததையும் சேர்த்தே சொன்னேன். அக்கா கேட்டது ஒன்றுதான்: “அடகு வட்டி கட்டிடுவியா?” கட்டுவேன் என்றேன். “அப்ப மூட்டையைத் தூக்கு, அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன்.” ஒரு நாள் பேலட்டில் வந்த ஜவ்வரிசி மூட்டையில் ‘சேலம்’ என்று அச்சடித்திருந்தது. அதைப் போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். சித்திக்கும் போனது, தெருவுக்கே போனது. அப்புறம் சட்டை மாற்றுவதை நிறுத்திவிட்டேன்.

படி 8: எண்பதாம் நாள் உட்கார்ந்து முடிவெடுங்கள்

90 நாள் முடிய பத்து நாள் இருக்கும்போது பேச்சைத் தொடங்குங்கள். மூன்று வழி உண்டு.

பழைய வேலைக்கே மாற்றச் சொல்லலாம். இல்லை, புது வேலையிலேயே இருந்து, பதவிப் பெயரையும் அடிப்படைச் சம்பளத்தையும் ஒப்பந்தத்தில் திருத்தச் சொல்லலாம். நான் இரண்டாவதை எடுத்தேன். வேலை பிடித்துப்போயிருந்தது, ஆபீஸ் அறையில் இருந்த ஆளும் அவ்வளவு சந்தோஷமாகத் தெரியவில்லை. உயர்ந்த பதவிக்கு மாற்றும்போது பட்டச் சான்றிதழுக்கு அட்டஸ்டேஷன், அதாவது அது அசல்தான் என்று அரசு அலுவலகங்களின் முத்திரை, கேட்கலாம். ஊரிலிருந்து கிளம்பும் முன்பே அதை முடித்து வைத்தவர்களுக்கு இங்கே ஒரு மாத அலைச்சல் மிச்சம்.

மூன்றாவது, விலகுவது. புரொபேஷன், அதாவது சோதனைக் காலம், அதிகபட்சம் ஆறு மாதம். அதற்குள் விலகி அங்கேயே வேறு கம்பெனிக்குப் போவதானால் ஒரு மாத நோட்டீஸ், ஊருக்கே திரும்புவதானால் 14 நாள். எழுத்தில் கொடுங்கள். பேச்சே எடுபடவில்லை, சம்பளமும் பாக்கி என்றால் மோஹ்ரேவில் புகார் கொடுக்கலாம். 2024 ஜனவரியிலிருந்து 50,000 திர்ஹாம் வரையுள்ள வழக்குகளை அமைச்சகமே தீர்த்து உத்தரவிட முடிகிறது. அப்போது உங்கள் முதல் வார மெயிலும் மூன்று பத்தி நோட்டும் பேசும்.

சவுதிக்கும் சிங்கப்பூருக்கும்

சவுதியில் வேலை அனுமதியில் உள்ள தொழிலைத் தவிர வேறு தொழிலில் நிறுத்துவதற்கே தடை இருக்கிறது (தொழிலாளர் சட்டம், 38வது பிரிவு). எழுத்துச் சம்மதம் இல்லாமல் வேறு வேலை தருவது, அவசியமான நேரத்தில் வருடத்துக்கு 30 நாள் வரைதான் (60வது பிரிவு). ஆகவே அங்கே 25ஆம் நாளே பேச்சைத் தொடங்குங்கள்.

சிங்கப்பூரில் வொர்க் பெர்மிட்டில் போகிறவர்களுக்கு ஐ.பி.ஏ. கடிதம் (பெர்மிட்டுக்கு முன் வரும் கொள்கையளவு ஒப்புதல்)தான் எல்லாம். அதைத் தாய்மொழியில் உங்கள் கையில் கொடுக்க வேண்டும், ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே. அதில் எழுதிய தொழிலைத்தான் செய்யலாம். அதில் உள்ள அடிப்படைச் சம்பளத்தைக் குறைக்க உங்கள் எழுத்துச் சம்மதமும் மனிதவள அமைச்சகத்துக்குத் தகவலும் வேண்டும். அங்கே மாற்று வேலை செய்து மாட்டினால் உங்கள் பெர்மிட்டுக்கும் ஆபத்து. “முதலாளி சொன்னார்” என்பது உங்களைக் காப்பாற்றாது.

இன்னும் கிளம்பாதவர்களுக்கு

ஏஜென்ட்டின் உரிம எண்ணை இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் தேடிப் பாருங்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். ஒன்றரை லட்சம் கேட்கிறவர் உங்கள் பதவிப் பெயரைப் பற்றிக் கவலைப்படப் போவதில்லை. தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978லிருந்து இருக்கிறது, அங்கே வரும் அறிவிப்புகளையும் ஒரு கண் பாருங்கள்.

திரும்பும்போது

கடைசி செட்டில்மென்ட் காகிதத்தில் கையெழுத்துப் போடும் முன் அனுபவச் சான்றிதழை வாங்கிவிடுங்கள். நீங்கள் உண்மையில் பார்த்த வேலையின் பெயர், தேதிகளோடு அதில் இருக்க வேண்டும். முதலில் எனக்குக் கொடுத்ததில் ‘அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட்’ என்றே இருந்தது. பழைய ஃபைலைப் பார்த்து அடித்துவிட்டார்கள். குடோன் இன்சார்ஜ் என்று மாற்றி வாங்கினேன். அந்த அவசரத்தில் என் பெயரைச் சரிபார்க்கவில்லை. பாஸ்போர்ட்டில் உள்ள அப்பா பெயரில் ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது. சேலத்தில் உட்கார்ந்துகொண்டு அதைத் திருத்தி வாங்க ஐந்து மாதம் ஆனது.